பூ மழைக்கு முன்

மார்ச் 5, புதன்
சாம்பற்புதன், தவக்காலத் தொடக்கம். ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். ஆறு ஞாயிற்றைக் கழித்தால் 40. ஞாயிறு உபவாச நாள் அல்ல. ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு) இருக்கிறவர்களே இதை மறந்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் களைத்துப்போகிறார்கள்.
காப்பி மொட்டை விரிய வைக்கிற பூ மழை இன்னும் இல்லை.

மார்ச் 7
காப்பியை ஒரேயடியாக விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும். இரண்டாம் நாள்தான் உச்சம். சாத்தானின் சோதனை அல்ல, காஃபீன். ஒரு வாரம் முன்பே மூன்று டம்ளரை இரண்டாக்கி, ஒன்றாக்கியிருக்க வேண்டும். காப்பி விளைகிற ஏற்காட்டில் இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது!

மார்ச் 8
குடித்தாயிற்று.

மார்ச் 12
ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கிற வாசிப்பு அட்டை. வேதாகமத்தில் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து. இந்தக் கணக்கில் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். அட்டையில் கட்டங்கள் காலியாவதும் அங்கேதான். பத்து நாள் விட்டால் 30 அதிகாரத்துக்கு மேல் பாக்கி. அதை அடைக்க உட்காரவே கூடாது, வாசிப்பு கந்துவட்டியாகிவிடும். இன்றைய தேதிக்கு உள்ளதைப் படித்தால் போதும்.

மார்ச் 13
லேவியராகமம் 27. எல்லோரும் பாதியில் விடுகிற புத்தகத்தின் கடைசி அதிகாரம், பெரும்பாலும் பொருத்தனைக் கணக்கு, அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொண்டதன் விலை. 20 முதல் 60 வயது வரை ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30. எட்டாம் வசனத்தில்தான் விஷயம்: அந்த மதிப்பைக் கட்ட வக்கில்லாதவன் ஆசாரியன் (குரு) முன் வந்து நிற்க வேண்டும், அவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிடுவான். முடியாதவன் போக வேண்டிய இடமே ஆசாரியனிடம்தான். இங்கே நடப்பது தலைகீழ். ஜெபம் தவறினவர் இந்த ஞாயிறு கடைசி பெஞ்சு, அடுத்த ஞாயிறு வருவதே இல்லை.

மார்ச் 16
தூறல். இதைப் பூ மழை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஓர் அங்குலமாவது விழ வேண்டும். அரைகுறையாக நனைந்த மொட்டு சரியாக விரியாது.

மார்ச் 17
மறுபடி தீர்மானம், போனதைவிடப் பெரியதாக. காலை நாலரை மணி ஜெபம். இரவு பதினொன்றுக்குப் படுக்கிற வீட்டில்!

மார்ச் 21
ஆதியாகமம் 15, கடவுள் ஆபிராமோடு செய்த உடன்படிக்கை. கடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, மூன்றுக்கும் மூன்று வயது, காட்டுப்புறா, புறாக்குஞ்சு. அந்தக் காலத்து உடன்படிக்கையில், வெட்டின மிருகத் துண்டங்களின் நடுவே கடந்துபோனவன் வாக்கை மீறினால் அவன் கதியும் அதுவே (எரேமியா 34). ஆபிராம் வெட்டி வைத்தான், பறவைகளைத் துரத்தினான், தூங்கிப்போனான். நடுவே கடந்துபோனது கடவுளின் அடையாளமான சூளையும் அக்கினியும் மட்டும். தூங்கினவனிடம் கையெழுத்தே கேட்கவில்லை.

மார்ச் 22
"நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" (2 தீமோத்தேயு 2:13). சரி. ஆனால் அதற்கு முந்தின வசனம்? நாம் மறுதலித்தால் அவரும் மறுதலிப்பார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ராத்திரி முழுக்க இதே யோசனை. இயேசுவின் சீடன் பேதுரு அவரை மறுதலித்தான், மூன்று முறை. லூக்கா 22-இல் வரிசையைப் பார்க்க வேண்டும்: 32-ஆம் வசனத்தில் இயேசு அவனுக்காக வேண்டிக்கொண்டாயிற்று. அவன் மறுதலித்துச் சேவல் கூவுவது 60-இல்.

மார்ச் 24
நாலரை மணி அலாரத்தை எடுத்தாயிற்று. காப்பிக்குப் பிறகு சங்கீதம் 117. மொத்தம் இரண்டே வசனம். அதற்குள்ளேயே "கர்த்தரின் உண்மை என்றென்றைக்குமுள்ளது" வந்துவிடுகிறது.

மார்ச் 26
ராத்திரி மழை. மழைமானியில் 11 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் பாதிகூட இல்லை. சங்கீதம் 117.