வில்லங்கச் சான்றில் தெரியாதவை

மனைக்கு விலை பேசி முடித்ததும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே பத்திர நகல்களை வாங்கி, சட்டக் கருத்துக்காக ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தோம். விற்பவர் தந்த வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை. ஆயினும் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே கிடையாது. மேலும், மனை இருக்கும் கிராமம் முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருந்தது. ஆகவே அங்கும் தனியாக மனுச் செய்து, 30 ஆண்டுகளுக்கும் முந்தைய காலம் வரை வில்லங்கம் பார்த்தோம்.

அதில்தான் 1994ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. கணவர் இறந்தபின் ஒரு பெண், தமக்காகவும் ஒன்பது வயது மகனுக்காகவும் கையெழுத்திட்டு மனையை விற்றிருந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, மைனருக்குச் சொந்தமான அசையாச் சொத்தைத் தாயே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படி நடந்த விற்பனையை, மகன் மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். அந்தக் கெடு 2006ஆம் ஆண்டளவிலேயே முடிந்துவிட்டது என்றாலும், அந்த மகனிடம் விற்பனையை ஏற்கும் ஒப்புதல் ஆவணம் வாங்கிப் பதிவு செய்வதே நல்லது என்றார் வழக்கறிஞர். விற்பவருக்கு இது வீண் அலைச்சலாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்த கணவரின் தாயாரும், மனைவி மக்களைப் போலவே பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே அந்தத் தாயார் கணவருக்கு முன்பே காலமாகியிருந்ததால், அவருடைய இறப்புச் சான்றின் நகலே போதுமானதாயிற்று.

பட்டாவில் விற்பவர் பெயரும் உட்பிரிவு எண்ணும் சரியாக இருந்தன. ஆனால் பட்டா வருவாய்த் துறைப் பதிவே தவிர உரிமைப் பத்திரம் அன்று என்பதால், அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. நில அளவைப் படமான புலப்படத்தை வைத்து உரிமம் பெற்ற அளவர் அளந்தபோது, மனைக்குச் செல்லும் பாதையின் அகலம் பத்திரத்தில் சொன்னபடியே இருந்தது.

கடைசியாக, முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம் உட்பட எல்லா அசல்களையும் நேரில் காட்டும்படி கேட்டோம். பதிவு செய்யாமலே பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் அது தெரியாது. அசல் கைவசம் இல்லாதது அதற்கு ஓர் அடையாளம். அவற்றைப் பார்த்து, ஒப்புதல் ஆவணமும் பதிவான பிறகே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கொடுத்தோம்.