வயலினுக்கு நோர்வே ஒத்துக்கொள்ளவில்லை

ஜனவரி நடுச்சாமத்தில் மூடிய பெட்டிக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். தொடர்ந்து கம்பி அவிழ்கிற கிறுகிறுப்பு. கள்ளனுமில்லை, பேயுமில்லை. இலங்கையின் திருமலையிலிருந்து (திருகோணமலை) மடியில் வைத்துக் கொண்டுவந்த வயலினின் பிரடை, அதாவது கம்பியை முறுக்கும் ஆணி, கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். விடிந்து திறந்தால் கம்பிகளைத் தாங்கும் குதிரை சரிந்து கிடக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அன்று பின்னேரம் வகுப்பு.

நோர்வேயில் ஒவ்வொரு கொம்யூனும் (உள்ளூராட்சி) இசையும் கலையும் கற்பிக்கும் கலாசாரப் பள்ளி நடத்தவேண்டும் என்பது 1997 முதல் சட்டம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வயலின் படிக்கிற பிள்ளைகள் பலர் கிழமை நாளில் அங்கேயும் போவார்கள். தூர இடங்களில் அங்கே கற்பிப்பவர் அந்த வட்டாரத்து ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் ஒருவராக இருப்பதுண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. சம்பளத்தில் ஒரு பங்கு வாசிப்பதற்கு, ஒரு பங்கு கற்பிப்பதற்கு. இன்று ஒரு மரத் தேவாலயத்தில் கச்சேரி, நாளை முதியோர் இல்லத்தில், மறுநாள் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். செல்லோவைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு இருத்தி ஸ்நோவுக்குள் கார் ஓட்டுகிற மனிதர்கள். எண்பதுகளின் கடைசியில் வடகோடி ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த நம்மவரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். கழன்ற வயலினைக் கண்டு இவர்கள் பதற மாட்டார்கள். “வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். திருமலைக்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? கடற்கரையில் பிறந்தவர் ஈரத்தை எப்போது அளந்தார்!

ஆனால் அளக்கத்தான் வேண்டும். கணக்கு எளிது. 30 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 75 வீத ஈரப்பதத்தில் அதில் 22 கிராமுக்கு மேல் இருக்கும். திருமலை டச்சுக் குடாப் பக்கம் காயப்போட்ட துணி பொழுதுபட்டும் பிசுபிசுப்பதன் காரணம் அதுதான். சைபருக்குக் கீழே 10 பாகையில் காற்று தாங்குவது 2 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் காற்று யன்னல் இடுக்கால் உள்ளே வந்து ஹீட்டரில் 22 பாகைக்குச் சூடாகும்போது அதன் கொள்ளளவு 19 கிராமாகிவிடும், உள்ளே இருப்பதோ அதே 2 கிராம்தான். அதாவது 12 வீதம். சமையல், குளிப்பு, எங்கள் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25 வரை தூக்கும். வயலின் கேட்பது 40 முதல் 60. மீதியை அது தன் மரத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும்.

கொடுத்தால் மரம் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரேயளவாக அல்ல. நாருக்குக் குறுக்காகத்தான் அதிகம். அதனால் வட்டமான பிரடை மெல்ல நீள்வட்டமாகும், துளையும் வேறு விதமாகக் கோணும். இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காது, கம்பியின் இழுவிசை பிரடையைச் சுழற்றிவிடும். முதலில் போவது பிரடை. அடுத்தது உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட். குதிரையின் மெல்லிய முதற்கம்பிப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால், பசையே இல்லாமல் மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் வெறும் இறுக்கத்தில் நிற்கிற மரக்குச்சி அது. கம்பிகள் எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்தால் விழுந்துவிடும். விழுந்தது தெரிந்தும் கம்பியை மறுபடி முறுக்கினால் மேற்பலகை அமுங்கி வெடிக்கும். ஆகவே வயலினை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ‘கடகட’ என்று ஏதாவது உருண்டால் பிரடையில் கை வைக்காதீர்கள், திருத்துபவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

ஓரப் பொருத்து விட்டுப்போவதும் இந்தக் காலத்தில்தான். அது அவ்வளவு கெட்ட செய்தி அல்ல. நல்ல வயலினில் ஓரத்தை விலங்குத் தோல் பசையால் ஒட்டுவார்கள். மரம் பிளப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்கட்டும் என்பதுதான் எண்ணம். விரல் முட்டியால் ஓரமெங்கும் தட்டிக்கொண்டு வந்தால் விட்ட இடத்தில் ஓசை சப்பென்று மாறும். திருத்துவது அரை மணித்தியால வேலை. வீட்டில் இருக்கிற சூப்பர் குளூவைப் பூசினால் பிறகு பிளக்கப்போவது பலகை. நம்மூர் மலிவு வயலின்களில் சிலதில் இந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருப்பார்கள். அவற்றின் பிரடையும் கறுப்புச் சாயம் பூசிய மென்மரம்.

ஊரிலும் பிரடை இளகும், இல்லையென்று இல்லை. காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் வெண்கட்டியை உரசி உள்நோக்கி அழுத்தித் திருப்பினால் அன்றைய வகுப்பு ஒப்பேறிவிடும். மாரியில் தொல்லை மறுபக்கம். வில்லின் மயிர் நீண்டு எவ்வளவு முறுக்கினாலும் தொய்யும், முதற்கம்பி கறுத்துத் துருவேறும், பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை மணக்காத வயலின் பெட்டி திருமலையில் இருந்ததா? நவராத்திரிக்கு வாணி விழா மேடையில் திறக்கும்போது வில் மயிருக்குப் பூசும் ரோசினும் பூச்சி உருண்டையும் சாம்பிராணியும் சேர்ந்து எழுகிற அந்த வாசம்… சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே வில் தலைகீழ். மயிர் சுருங்கி, முழுதாகத் தளர்த்திய பிறகும் இறுகியே நிற்கும். கவனிக்காமல் விட்டால் வில்லின் தலை முறியும். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி, மயிர் கொஞ்சம் தொய்வதைக் கண்ணால் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

பரிகாரம் மலிவானது. துளையிட்ட ரப்பர்க் குழாய்க்குள் ஸ்பொஞ்ச் வைத்த டாம்பிட்டை நனைத்து, வெளியே துடைத்து, சொட்டாமல் பிழிந்து மேற்பலகையிலுள்ள எஃப் துளைக்குள் தொங்கவிடுவது ஒன்று. நல்ல குளிரில் ஒவ்வொரு நாளும் நனைக்கவேண்டும். அதைவிடச் சிறந்தது வயலின் இருக்கிற அறைக்கே ஈரப்பதனி வைத்துக் கதவைச் சாத்துவது. ஊரில் இருக்கிற அம்மம்மாவிடம் இதைச் சொன்னால், “வயலினுக்கும் தண்ணி வைக்கிறியளோ பிள்ளை?” என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

பெட்டிக்குள் வருகிற ஈரமானியை நம்பவேண்டாம், பத்து வீதம் பிசகுவது சாதாரணம். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டுச் சேறாக்குங்கள். அதையும் ஈரமானியையும் இறுக மூடும் பொலித்தீன் பைக்குள் வைத்து ஓர் இரவு விடுங்கள். விடியற்காலை அது சரியாக 75 காட்டவேண்டும். 68 காட்டினால் உங்களுடையது 7 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பையைத் திறக்கும்போது ஒரு மூச்சுக்குத் திருமலை உவர்மலைக் காற்று கைக்குள் வருகிறதுபோல இருக்கும். உப்புக்கு மணமில்லை என்று தெரிந்தும் மூக்கைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. குவார்ட்டெட்காரர் கதிரையில் இருந்து வாசிப்பவர்கள். நாங்கள் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது காலடியில் ஊன்றி வாசிப்பவர்கள். இங்கே புது வீடுகளில் பல இடங்களில் தரைக்குள்ளேதான் சூடாக்கும் கம்பி ஓடுகிறது. காலுக்கு அது சொர்க்கம், வயலினுக்கு அடுப்பு. பாய்க்கு மேல் தடித்த கம்பளம் விரியுங்கள், இல்லாவிட்டால் அந்த அறையின் தரைச் சூட்டை நிறுத்துங்கள். பெட்டியை ஒருபோதும் தரையில் வைக்கவேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்கவும் கூடாது. அரை மணித்தியாலமாவது மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த மரத்தில் நீர் வியர்த்து வார்னிஷ் வெடிக்கும்.

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தொடுகிற பழக்கமும் இங்கே பேச்சாகும். கமகம் வழுக்க அது வேண்டும்தான். ஆனால் அதே விரல் வில்லின் மயிரைத் தொட்டால் அந்த இடத்தில் ரோசின் பிடிக்காது, மயிரே மாற்றவேண்டி வரும். வாசித்து முடிந்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் போடுவதானால் துணியில் மட்டும். ஒரு சொட்டு பலகையில் விழுந்தால் வார்னிஷ் கரைந்துவிடும்.

அடுத்தது சுருதி. குவார்ட்டெட் வயலினின் நான்கு கம்பியும் ஜி, டி, ஏ, ஈ. ஏ என்பது 440. நாங்கள் ஸ, ப, ஸ, ப. ஐந்து கட்டைக்கு, அதாவது ஸட்ஜத்தை ஜியில், வைத்தால் தடித்த இரண்டும் அவர்களுடையதேதான், மெல்லிய இரண்டை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கவேண்டும். இரண்டு கட்டைக்கு (ஸட்ஜம் டி) நான்கையுமே இறக்கவேண்டும். ஒரே வயலினைச் செவ்வாய்க்கிழமை ஏற்றி, சனிக்கிழமை இறக்கினால் முதற்கம்பி அறும், குதிரையும் ஒவ்வொரு ஏற்றத்திலும் விரற்பலகைப் பக்கம் சாயும். கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் பக்கமுள்ள குதிரையின் முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து, இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள். முடிந்தால் கலாசாரப் பள்ளியில் ஒரு வயலினை வாடகைக்கு எடுத்து இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதுதான் புத்தி. ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் உள்ளே பற்சக்கரம் வைத்த பிரடை போடுங்கள். அது குளிரிலும் வழுக்காது.

வாசிப்பில் எங்கள் பிள்ளைகள் இடறுகிற இடம் ஒன்று. பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர் பாடகரின் வாயைப் பார்த்து அரை மூச்சுப் பின்னால் வருவார். அது இங்கே மரியாதை அல்ல, பிந்துதல். குவார்ட்டெட்டில் தாளம் போட யாருமில்லை, காலால் தட்டவும் விடமாட்டார்கள். முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சின் வேகம்தான் தாளத்தின் வேகம். மூச்சு முடிகிற இடத்தில் நான்கு வில்லும் ஒன்றாக இறங்கவேண்டும். இரண்டாவது வயலினில் இருப்பவர் கேட்டுவிட்டு வாசிக்கக்கூடாது, சேர்ந்து மூச்சு விடவேண்டும்.

ஆனால் எங்கள் காது அவர்களுக்கு உதவுகிற இடமும் உண்டு. செல்லோவின் அடிக்கம்பி சி. அங்கிருந்து சுத்தமான பஞ்சமம் பஞ்சமமாக ஜி, டி, ஏ என்று நான்கு படி ஏறி வயலினின் ஈக்கு வந்தால், அந்த ஈ செல்லோவின் சியோடு காந்தாரமாகச் சேராது. ஓர் அரைச்சுரத்தில் ஐந்திலொரு பங்கு கூடிநிற்கும். அதனால் பஞ்சமங்களைச் சற்று நெருக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் திறந்த கம்பியைத் தவிர்த்து விரலால் இறக்கிப் பிடிப்பார்கள். எவ்வளவு இறக்குவது என்று இங்கத்தைய மாணவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கவேண்டும். தம்புராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து தானாக எழுகிற அந்தர காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விரல் தானே அங்கே போய் நிற்கும். விடியப் பத்திரகாளி கோவில் ஒலிபெருக்கியில் தேவாரத்துக்கு முன் ஓடுகிற சுருதிப்பெட்டி செய்த வேலை அது.

அந்தச் சுருதிப்பெட்டி இல்லாத வெறுமைதான் குவார்ட்டெட் கச்சேரியில் நமக்கு முதலில் உறுத்துவது. வாசிப்பு நின்றால் ஒன்றுமேயில்லை, மண்டபமே அணைந்துபோகும். பழகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பிறகு ஒரு நாள் நோர்வேயின் நாட்டுப்புற வயலினான ஹார்டாங்கர் ஃபிடில் கேட்கக் கிடைக்கும். மேலே நான்கு கம்பி, அடியில் தொடாமலே அதிர்கிற நான்கு அல்லது ஐந்து. குதிரை தட்டையாக இருப்பதால் வில் இரண்டு கம்பியில் ஒன்றாக ஓடும், ஒன்றில் மெட்டு, மற்றதில் சுருதி. அதைக் கேட்ட கிழமை முழுக்க ஊர் யாத்திரைக்கு டிக்கெட் விலை பார்ப்பது வழக்கம்.

விடுமுறைக்கு வயலினையும் கொண்டுபோகிறவர்கள் கம்பியை ஒரு முழுச்சுரத்துக்கு மேல் தளர்த்தாதீர்கள். டெயில்பீஸின் அடியில் மடித்த துணி வையுங்கள், விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் டாம்பிட்டைக் கழற்றிவிடுங்கள். ஆடி மாதக் கச்சானில்கூட திருமலைக் காற்று நோர்வே வீட்டைவிட இரண்டு மடங்கு ஈரம். நாலைந்து நாளில் பிரடை ஊதித் துளைக்குள் இறுகிவிடும். அப்போது குறட்டைத் தேடவேண்டாம், பிரடையின் தலை முறிந்து கையில் வரும். மின்விசிறி போட்ட அறையில் ஓர் இரவு திறந்து வைத்து, மறுநாள் மெதுவாகப் பின்னோக்கித் திருப்பி வெளியே இழுங்கள். காய்ந்த சவர்க்காரத்தை ஒரு கோடு பூசி, அதன் மேல் வெண்கட்டியைத் தடவித் திரும்பச் செருகுங்கள். ஆவணியில் திரும்பி வந்ததும் அந்தச் சவர்க்காரத்தைத் துடைத்துவிடுங்கள், குளிரில் அதுதான் முதலில் வழுக்கும்.