ஐஸ் தோங்குல கை விட்டுப் பார்த்தது

அடுத்த வருசம் ஐஸ்லாந்து போயி சில்ஃப்ராங்கிற நல்ல தண்ணிப் பாறைப் பிளவுல டைவ் பண்ணணும்னு முடிவு பண்ணிட்டேன். அங்க தண்ணி வருசம் பூரா 2லேர்ந்து 4 டிகிரி, நான் இதுவரைக்கும் இறங்குனதெல்லாம் பெர்ஹெந்தியான், தியோமான் தீவுன்னு 29 டிகிரி. உடம்புக்கு தண்ணி உள்ள போகாத ட்ரை சூட் இருக்கும், கைக்குப் பெரும்பாலும் தண்ணி உள்ள போற நியோப்ரீன் (நுரை ரப்பர்) கிளவ்தான். அதான் பீடோங்குல வீட்டுக்குப் பின்னாடி மீன் தோங்குல (மீன் வைக்கிற பெட்டி) ஐஸ் கொட்டி நானே பார்க்க ஆரம்பிச்சேன். உலகத்துக்கே கிளவ் செஞ்சு அனுப்புற நாடு லா நம்ம மலேசியா, நான் கேட்ட எந்தக் கடையிலயும் இந்த கிளவ் இல்ல, ஆன்லைன்லதான் வாங்குனேன்.

முதல்ல 5 எம்எம் தடிப்பு, அஞ்சு வெரலு கிளவ். தெர்மாமீட்டர் 3 காட்டுச்சு. பன்னெண்டு நிமிசத்துல சுண்டுவெரல் செம வலி, இருபதுல வலி நின்னுபோச்சு, ஆகா பழகிருச்சுடான்னு நெனச்சு கிளிப்பக் கழட்டப் போனா வெரலு பேச்சே கேக்கல. மரத்துப்போயிருக்கு! நெச டைவ்ல அது பிசிடி (மேல கீழ போக காத்து நிரப்புற ஜாக்கெட்) பட்டனா இருந்திருந்தா?

அடுத்து 7 எம்எம், மூணு வெரலு. மொதல்ல ஒரு சைஸ் சின்னதா வாங்கித் தொலைச்சேன், மணிக்கட்ட இறுக்கி ரத்தத்த நிறுத்தி 5 எம்எம்ம விட மோசமா போச்சு. சரியான சைஸ் வந்ததும், போடுறதுக்கு முன்னாடி ஃபிளாஸ்க்லேர்ந்து வெதுவெதுன்னு தண்ணி உள்ள ஊத்திக்கிட்டேன், இல்லன்னா உள்ள வர்ற ஐஸ் தண்ணியச் சூடாக்குற வேலையும் கை தலையில விழும். 35 நிமிசம் தாங்குச்சு. ரொம்பப் பெருமையா தங்கச்சிகிட்ட சொன்னேன்.

அவ நர்ஸ். "அண்ணே, 33 டிகிரி வெயில்ல பனியன் போட்டு உக்காந்துகிட்டு கைய மட்டும் ஐஸ்ல விட்டா அது டெஸ்டா?"ன்னா. உடம்பு குளிர ஆரம்பிச்சா நெஞ்சு வயித்தக் காப்பாத்த கை காலுக்குப் போற ரத்தத்தத்தான் மொதல்ல கொறைக்குமாம். சரின்னு தோங்க ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயி, ஏர்கோன் 16ல, ஈர டிசட்டையோட ஒரு மணி நேரம் உக்காந்துட்டு அதே கிளவ்வப் போட்டேன். 19 நிமிசம்தான். மறுநாள் அதே குளிர்ல காஞ்ச சட்டை, ஜாக்கெட், கம்பளித் தொப்பி போட்டு உக்காந்தேன், 31 வந்துச்சு. கிளவ்வ மாத்தவே இல்ல!

அதனால இன்னும் தடிச்ச கிளவ்வுக்கு ஒதுக்குன 300 வெள்ளிய ட்ரை சூட்டுக்குள்ள போடுற கம்பளி உடுப்புக்கும் தலைய மூடுற நல்ல ஹூடுக்கும் திருப்பிட்டேன். ஒண்ணு மட்டும் தோங்குல பார்க்க முடியாது, 10 மீட்டர் கீழ போனா அழுத்தம் ரெட்டிப்பாகி நியோப்ரீன்ல இருக்குற காத்துக் குமிழெல்லாம் சுருங்கி 7 எம்எம் அங்க 7 எம்எம்மா இருக்காது, அதனால 31ன்னு வந்தத நான் 20ன்னுதான் கணக்குல வச்சிருக்கேன்.

அடுத்த வாரம் கண்ண மூடிக்கிட்டு மூணு வெரல்ல கிளிப் கழட்டிப் பழகணும். தோங்குதான் இல்ல, தீபாவளிக்கு தண்ணி போத்தல் போடணும்னு அம்மா எடுத்துக்கிட்டாங்க.