மரகதம் ஏன் சாப்பிடவில்லை?

மார்ச் 2

மரகதம் இன்று வந்து சேர்ந்தாள். ஏமன் பச்சோந்தி, ஒரு வயதைக் கொஞ்சம் தாண்டியவள். பின்னங்கால் குதிகாலில் முள் மாதிரி சின்ன நீட்டம் இல்லை, அதனால் பெண் என்பதில் சந்தேகமே வேண்டாம். வளர்த்தவர் வேலை மாற்றலில் போவதால் கூண்டு, விளக்கு, செடித்தொட்டி எல்லாவற்றோடும் கொடுத்துவிட்டார். "கொஞ்ச நாளா சரியா சாப்பிட மாட்டேங்குறா, இடம் மாறினா சரியாயிடும்" என்று சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடம் மாறிய பச்சோந்தி நன்றாக இருந்தால்கூட சில நாள் வாயைத் திறக்காது, ஏற்கெனவே சாப்பிடாமல் இருந்தது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

இன்றைக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. கூண்டை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம், கண்மட்டத்துக்கு மேலே வைத்தேன். உயரத்தில் இருந்தால்தான் இவற்றுக்குப் பயம் தெளியும். எடை மட்டும் போட்டேன், 118 கிராம். கண்கள் லேசாக உள்வாங்கியிருக்கின்றன. பெட்டியின் அடியில் காய்ந்து கிடந்த எச்சத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி ஆரஞ்சு நிறம். உடம்பில் தண்ணீர் போதவில்லை.

மார்ச் 3

முதலில் தண்ணீர். உடம்பு காய்ந்திருக்கும் பச்சோந்திக்குப் பசி எடுக்காது, அந்த நேரத்தில் பூச்சியை வாய்க்குள் திணித்தால் செரிக்கவும் செரிக்காது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை இவை பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்வதில்லை. இலையில் உருண்டு ஓடும் துளிதான் கண்ணில் படும். கூண்டின் மேல் ஒரு டப்பாவை வைத்து, இலைமேல் நிதானமாகச் சொட்டும்படி குழாயைத் திருகிவிட்டு, மெல்லிய தூவலையும் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஆள் நின்றால் குடிக்காது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தவள் மெல்ல வந்து இலை நுனியில் வாயை வைத்து, தலையைத் தூக்கித் தூக்கி விழுங்கினாள். நிறுத்தவே இல்லை. பாவம், எவ்வளவு தாகம் இருந்திருக்கும்.

மார்ச் 5

கண்ணில் கொஞ்சம் உருட்சி வந்திருக்கிறது. பகலில் கண்ணை மூடுவதும் இல்லை, அது பெரிய நிம்மதி. பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பச்சோந்தியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது.

இன்று முதல்முறையாகப் பூச்சி காட்டினேன். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் "சாப்பிடவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது உண்மையில் மூன்று வேறு வேறு சங்கதிகள். ஒன்று, பூச்சியைப் பார்த்தும் அக்கறை காட்டாமல் இருப்பது. அது பசியின்மை, குடற்புழு, குளிர், பயம், முட்டை என்று பல காரணங்களால் வரும். இரண்டு, பூச்சி இருக்கும் இடமே சரியாகத் தெரியாமல் தடுமாறுவது, அப்போது கண்ணைப் பார்க்கவேண்டும். மூன்று, ஆசையும் இருக்கிறது, கண்ணும் சரி, ஆனால் நாக்கு ஒத்துழைக்கவில்லை. எது என்று தெரியாமல் ஐந்து விதப் பூச்சியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

மரகதத்துக்கு எது என்று இன்று தெரிந்தது. கிரிக்கெட் பூச்சியைக் கிளையில் விட்டதும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு கண்களும் சட்டென்று முன்னால் திரும்பி அதன்மேல் நிலைகுத்தின. கிளையை நன்றாகப் பற்றிக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்தாள், வாய் கொஞ்சம் திறந்தது, நாக்கின் பருத்த நுனி உதட்டுக்கு வெளியே எட்டிப்பார்த்தது, அப்படியே நின்றது. அப்புறம் நாக்கு வெளியே வந்தது, ஆனால் பாயவில்லை, ஒரு விரல் நீளம் வந்து தொங்கி, மெதுவாக உள்ளே போனது. ஆரோக்கியமான பச்சோந்தியின் நாக்கு உடம்பு நீளத்தைவிட அதிகத் தூரம் போகும், போய் வருவதை நம் கண்ணால் பிடிக்கவே முடியாது. இவளுக்கோ ஆசை இருக்கிறது, தசையில்தான் வலு இல்லை. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தசை இப்படித்தான் தளரும். வாய்க்குள் புண்ணோ சீழோ இருந்தாலும் நாக்கு வராது, அதையும் பார்த்தாகவேண்டும்.

இப்போதைக்குப் பூச்சிகளை ஒளிபுகாத ஒரு சின்னக் கோப்பையில் போட்டு முகத்துக்கு அருகில் கட்டிவைத்தேன். கிட்டப் போய் வாயாலேயே ஒன்றை எடுத்தாள். மீதியை இரவுக்கு முன் எடுத்துவிட்டேன், விட்டுவைத்தால் தூங்கும் பச்சோந்தியைக் கிரிக்கெட் பூச்சிகள் கடிக்கும்.

மார்ச் 6

தெரிந்தவரிடமிருந்து புறஊதா அளவுமானி இரவல் வாங்கி, அவள் வெயில் காயும் கிளையில் வைத்து அளந்தேன். புறஊதாக் குறியீடு 3 வாக்கில் இருக்கவேண்டிய இடத்தில் 1கூட வரவில்லை. கூண்டோடு வந்தது சின்னச் சுருள் பல்பு, பளிச்சென்று எரிகிறது, அதுதான் ஏமாற்றும் விஷயம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருடக்கணக்கில் நிற்கும், யுவிபி என்ற புறஊதாக் கதிர் மட்டும் மாதங்களில் தேய்ந்துபோகும், வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. ஜன்னலோரம் வெயில் படுகிறதே என்றும் இருக்கமுடியாது, கண்ணாடி யுவிபியை வடிகட்டிவிடும். அது இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் உடம்பில் சரியாகச் சேராது.

நீளக் குழல்விளக்கு, டி5 என்ற மெல்லிய குழல் வகை, 6 சதவீத யுவிபி, வாங்கி மாட்டிவிட்டேன். கூண்டின் வலைக்கம்பியும் கணிசமாகத் தடுக்கும் என்பதால் கிளையை மேலும் கீழும் நகர்த்தி 3 வரும் இடத்தில் கட்டினேன். வெப்ப விளக்கின் கீழ் 28 டிகிரி செல்சியஸ். ஆணுக்கு இதைவிடக் கூடுதலாக வைக்கலாம், பெண்ணுக்கு வேண்டாம். சூடும் தீனியும் அதிகமாக அதிகமாக முட்டைகளின் எண்ணிக்கையும் ஏறும்.

முட்டை என்று எழுதும்போதே மனசு அடித்துக்கொள்கிறது. கரும்பச்சை உடம்பில் மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் புள்ளிகள், பக்கவாட்டில் உப்பல். மதியம் முழுக்கக் கீழே இறங்கி வலையைப் பிறாண்டினாள், செடித்தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள். ஆணோடு சேராமலேயே இந்தப் பச்சோந்திப் பெண்கள் முட்டை வைக்கும், கருவில்லாத முட்டை. நாளைக்கு மருத்துவர்.

மார்ச் 7

பல்லி, பாம்பு வகைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் என்பதால் அவளைக் கிளையோடு கொண்டுவரச் சொன்னார். பிடித்து இழுத்தால் எலும்பு முறியலாம், தானாகக் கையில் ஏறும்வரை காத்திருக்கவேண்டும்.

எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்துவிட்டது. வயிறு நிறைய முட்டைகள், ஓடு கட்டியவை. எலும்புகள் மங்கலாக, ஓரங்கள் மெலிந்து, முன்கை எலும்பில் லேசான வளைவு. வாய்க்குள் புண் இல்லை, தாடை அழுத்தினால் அமுங்கவில்லை, எச்சப் பரிசோதனையில் புழுக்களும் இல்லை.

"ரெண்டும் தனித்தனிப் பிரச்சினை இல்லை" என்றார் டாக்டர். "சத்து கம்மி, அந்தக் கம்மியிலயும் முட்டைக்காக எலும்புல இருந்து எடுத்துக் கொடுத்துருக்கா. முட்டையை வெளிய தள்ளுறதும் தசைதான். நாக்கை எறியவே வலு இல்லாதவ இதை எப்படித் தள்ளுவான்னுதான் கவலை."

முட்டை போட வைக்கும் ஊசி வேண்டுமா என்று கேட்டேன். உடம்பில் நீரும் கால்சியமும் ஏறாமல், போடுவதற்குச் சரியான இடமும் தராமல் அந்த ஊசியைப் போட்டால் உள்ளேயே கிழிய வாய்ப்புண்டு என்று மறுத்துவிட்டார். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வாய்வழியாகக் கொடுக்கக் கால்சியம் மருந்து எழுதிக்கொடுத்தார். அளவை இங்கே எழுதமாட்டேன், அது எடையையும் நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்லவேண்டியது. கால்சியம் ஏறிய பிறகும் போடவில்லை என்றால் அறுவை சிகிச்சை, அதையும் மறைக்காமல் சொன்னார்.

வந்ததும் முதல் வேலையாக முட்டைத் தொட்டி தயார் செய்தேன். இதில் குறை வைத்தால் மற்ற எல்லா வைத்தியமும் வீண். மண் ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவு. கழுவிய மணலும் உரம் கலக்காத மண்ணும் கலந்து ஈரப்படுத்தினேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. பிறகு விரலால் பக்கவாட்டில் ஒரு சுரங்கம் குடைந்து பார்த்தேன். இடிந்து விழுந்தால் பச்சோந்தி தோண்டுவதைப் பாதியில் கைவிட்டுவிடும், கைவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்ளும். என் சுரங்கம் நின்றது. தாழ்ந்த கிளை ஒன்றைத் தொட்டிக்கு இறக்கிவிட்டு, கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு மறைத்தேன். உயரக் கிளைகளில் சிலவற்றை எடுத்துவிட்டேன், பிடி தளர்ந்து விழுந்தால் இந்த எலும்பு தாங்காது.

மார்ச் 9

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் உதட்டோரம் ஒரு துளி வைத்தால் நக்கிக்கொள்கிறாள், தாடையைப் பிளக்கவேண்டிய அவசியம் வரவில்லை. எச்சத்தின் வெள்ளை மீண்டும் வெள்ளையாகிவிட்டது. பூச்சியைத் தொடவில்லை. போடும் நேரம் நெருங்கினால் சாப்பிடுவதை நிறுத்துவது இயல்பு என்பதால் தீனியைப் பற்றி இப்போது கவலைப்படவில்லை. எடை போடுவதையும் நிறுத்திவிட்டேன், தொடவே வேண்டாம்.

மார்ச் 11

தோண்டுகிறாள்! காலையில் தொட்டியோரம் மண் சிதறியிருந்தது. துணியில் விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் பின்பாதி மட்டும் தெரிகிறது, முன்கால்களால் மண்ணை வாரிப் பின்னால் தள்ளுகிறாள், நடுவில் ஓய்வெடுக்கிறாள், மறுபடி வாருகிறாள். வீட்டில் யாரையும் அந்த அறைப்பக்கமே விடவில்லை. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் பாதியில் எழுந்துபோய்விடும், திரும்பவும் தோண்டுமா என்பது நிச்சயமில்லை.

எதைக் கண்டால் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும் என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். தரையில் கண்ணை மூடிக்கிடப்பது. குழிமேல் குழியாகத் தோண்டிவிட்டு ஒன்றும் போடாமல் சோர்ந்துபோவது. பின்னங்கால் இழுபடுவது.

இரவு விளக்குகள் அணைந்த பிறகும் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறாள். அப்படித் தூங்குவதும் உண்டுதான். இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 12

போட்டுவிட்டாள். மதியத்துக்கு மேல் குழியை மூடி, மேல் மண்ணைக் காலால் அழுத்தி அழுத்திச் சமன்செய்துவிட்டு, மண் ஒட்டிய முகத்தோடு கிளை ஏறினாள். உடம்பு வற்றிச் சுருங்கிக் கிடக்கிறது, விலா எலும்புகள் தெரிகின்றன. நீண்ட நேரம் தூவல் போட்டேன், குடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் மேலே போய்த் தூங்கியபின் தோண்டி எடுத்தேன், 34 முட்டைகள். மஞ்சள் படிந்தவை பாதிக்கு மேல். எடை 86 கிராம்.

மார்ச் 14

மறு எக்ஸ்ரே. உள்ளே ஒன்றும் தங்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இனிமேல்தான் தீனி. முட்டை போட்டு வந்தவளுக்குச் சில நாள் தாராளமாகக் கொடுக்கலாம். பட்டுப்புழு, டூபியா கரப்பான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என்று கலந்து கோப்பையில் வைக்கிறேன். அந்த ஈயின் புழுவில் மட்டும் இயல்பாகவே கால்சியம் தாராளம். மற்றவற்றில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு, அதனால்தான் ஒவ்வொரு வேளையும் டி3 கலக்காத கால்சியம் பொடியை மெலிதாகத் தூவவேண்டியிருக்கிறது. டி3 கலந்ததும் பலவைட்டமின் பொடியும் மாதத்துக்கு இரண்டு தடவை போதும். சத்துதானே என்று அள்ளிப்போட்டால் டி3, வைட்டமின் ஏ இரண்டுமே உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். பூச்சிகளுக்கும் ஒருநாள் முன்னதாகவே கீரை, கேரட், பூசணி கொடுத்து வயிறு நிறைய வைத்திருக்கிறேன். பட்டினிப் பூச்சியில் பச்சோந்திக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 22

கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்துக்கொண்டே வருகிறேன். இன்று ஒரு சாண் தூரத்திலிருந்த பட்டுப்புழுவை நாக்கால் அடித்து எடுத்தாள். சத்தம்கூடக் கேட்டது, ஈரத்தில் ஏதோ ஒட்டிப் பிரிவது மாதிரி சின்ன 'டப்'. தவறவிட்டதும் உண்டு, பூச்சிமேல் பட்டும் ஒட்டாமல் நழுவியதும் உண்டு. நாலு தடவை தவறினால் அன்றைக்கு விட்டுவிடுகிறேன், கிட்டக் கொண்டுபோய் வாயில் எடுக்க விடுகிறேன், விடாமல் முயலவைத்தால் அவளுக்குச் சலித்துப்போகும்.

பிடியில்தான் மாற்றம் நன்றாகத் தெரிகிறது. வந்த புதிதில் என் விரலைச் சும்மா சுற்றிப் பிடித்திருப்பாள், இப்போது நகம் பதிகிறது.

ஏப்ரல் 9

எடை 97. எக்ஸ்ரேயில் எலும்பு முன்னைவிட அடர்த்தியாகத் தெரிகிறது. முன்கை வளைவு மட்டும் அப்படியேதான் இருக்கும், அது நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நடக்கவும் ஏறவும் இடைஞ்சல் இல்லை. நாக்கு இன்னும் முழுத் தூரம் போகவில்லை. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, கோப்பை எப்போதும் உண்டு.

தீனியை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துவிட்டேன், வேளைக்கு நாலைந்து பூச்சி. அடுத்த முட்டைகள் சில மாதங்களில் வந்தாலும் வரலாம், குறைவாக வந்தால் அவளுக்கு நல்லது. மண்தொட்டியை எடுக்கவில்லை, கூண்டுக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கட்டும். குழல்விளக்கின் தாங்கியில் மாட்டிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன், ஆறாவது மாதத்திலிருந்து மாதாமாதம் அளவுமானியை வைத்துப் பார்க்கவேண்டும். மருந்து இந்த வாரத்தோடு முடிகிறது. மே மாதம் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வரச்சொல்லியிருக்கிறார்கள், பார்த்ததும் எழுதுகிறேன்.