எலியட் கவுண்டியின் வாக்குக் கணக்கு: எதை எதால் வகுப்பது?

அமெரிக்காவில் ஒரு கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எந்தக் கட்சிப் பக்கம், எத்தனை பேர் ஓட்டுப் போட வருகிறார்கள் என்று அரசுப் பதிவுகளை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். வழுக்கும் இடங்கள் எங்கே என்று தெரிந்தால் போதும். அதற்குக் கென்டக்கி மாநிலத்தின் எலியட் கவுண்டியைவிட நல்ல பயிற்சிக் களம் கிடையாது. தலைமையிடம் சாண்டி ஹுக். 2020 மக்கள்தொகை 7,354. 1872 முதல் 2012 வரை 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்த ஊர், 2016இல் டிரம்ப்புக்கு 70 சதவீதம் கொடுத்தது.

முதலில் எடுக்கத் தோன்றுவது கட்சிவாரிப் பதிவு எண்ணிக்கை. அதைக் கடைசியில் எடுங்கள். நம்மூரில் வாக்காளர் பட்டியலில் கட்சி இருக்காது. கென்டக்கியில் பதியும்போதே கட்சியைச் சொல்லலாம். ஆனால் அங்கே பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், மூடிய முறை. எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்களோ அந்தக் கட்சியின் பிரைமரியில்தான் வாக்கு. மாற வேண்டுமானால் முந்தைய ஆண்டு டிசம்பர் 31க்குள் மாறியாக வேண்டும். எலியட் போன்ற இடத்தில் ஷெரிஃப் (காவல் தலைவர்), கவுண்டி கிளார்க் (பதிவுகளையும் தேர்தலையும் கவனிக்கும் அதிகாரி) பதவிகளெல்லாம் நீண்ட காலம் ஜனநாயகக் கட்சி பிரைமரியிலேயே முடிவாகிவிடும். அதில் வாக்களிக்க விரும்புகிறவர் அதிபர் தேர்தலில் யாருக்குப் போட்டாலும் பதிவை மாற்றமாட்டார். அதனால் பதிவு எண்ணிக்கை இன்றைய சாய்வைக் காட்டாது. தாத்தா காலத்துச் சாய்வும் உள்ளூர்த் தேவையும் கலந்த பழைய படம் அது.

சாய்வுக்கு முடிவுத்தாள்தான் சாட்சி. அதிலும் சதவீதத்தை விட்டுவிட்டு வாக்குகளை எழுதிக்கொள்ளுங்கள். 2012: ஒபாமா 1,186, ராம்னி 1,126, மொத்தம் 2,399. 2016: கிளின்டன் 740, டிரம்ப் 2,000, மொத்தம் 2,854. கழித்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்கு 446 குறைவு, குடியரசுக் கட்சிக்கு 874 கூடுதல், மற்றவர்களுக்கு 27 கூடுதல், மொத்தத்தில் 455 கூடுதல். சதவீதத்தை மட்டும் பார்த்தவர் 'எல்லோரும் கட்சி மாறிவிட்டார்கள்' என்பார். 455 வாக்குகள் கூடியிருக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. முன்பு வராதவர்களும் வந்திருக்கிறார்கள். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்பதை இந்த நான்கு எண்களிலிருந்து பிரிக்கவும் முடியாது. பழைய வாக்காளர் ஒருவர் வீட்டிலேயே இருந்து வேறொருவர் புதிதாக வந்திருந்தாலும் கூட்டல் இதேதான் வரும்.

ஒரே ஒரு தேர்தலை வைத்து முத்திரை குத்தவும் கூடாது. கென்டக்கி ஆளுநர் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் வரும். அதிபர் தேர்தலோடு சேராது. 2019இல் எலியட், ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியருக்குப் பெரும்பான்மை கொடுத்தது. அட்டவணையில் அதிபர் வரிசை ஒரு பத்தி, ஆளுநர் வரிசை தனிப் பத்தி என்று வைத்தால்தான் ஊர் புரியும்.

இனி வாக்குப்பதிவு சதவீதம். தகராறு முழுக்க வகுக்கும் எண்ணில்தான். எதை வகுப்பது என்பதில் சிக்கல் குறைவு: அதிபர் பதவிக்கு விழுந்த வாக்குகளைவிட, பதிவான மொத்த வாக்குச்சீட்டுகளை எடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவரும் வந்தவர்தானே.

எதால் வகுப்பது? பதிந்த வாக்காளர்களால் வகுத்தால் கிராமத்தில் சதவீதம் நிஜத்தைவிடக் குறைந்து தெரியும். இடம் பெயர்ந்தவரின் பெயரைச் சட்டென்று நீக்க மத்தியச் சட்டம் விடாது: அறிவிப்பு அனுப்ப வேண்டும், பதில் இல்லையென்றால் அடுத்த இரண்டு மத்தியப் பொதுத்தேர்தல்கள் கடக்கவேண்டும். வேலைக்காக ஒஹாயோ போனவரின் பெயர் நான்கு வருடம்கூடப் பட்டியலில் கிடக்கலாம். பெரிய நீக்கம் நடந்ததற்கு அடுத்த தேர்தலில், வந்தவர்கள் கூடாமலே சதவீதம் ஏறும். அதைப் பார்த்து 'எழுச்சி' என்று எழுதிவிடாதீர்கள்.

வயது வந்தோரால் வகுத்தால் வேறு வில்லங்கம், எலியட்டில் குறிப்பாக. லிட்டில் சாண்டி சிறைச்சாலை இந்தக் கவுண்டியில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைதிகளைச் சிறை இருக்கும் ஊரிலேயே எண்ணும். கென்டக்கியில் தண்டனை அனுபவித்து வரும் கைதிக்கோ வாக்கில்லை. உதாரணத்துக்கு, வயது வந்தோர் 6,000, அதில் கைதிகள் 900 என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக 2016இன் அதிபர் வாக்கு 2,854ஐயே எடுத்து 6,000ஆல் வகுத்தால் 47.6 சதவீதம். 5,100ஆல் வகுத்தால் 56. ஒரு வாக்குகூட மாறாமல் எட்டுப் புள்ளிக்கு மேல் வித்தியாசம்! நிஜமான கைதி எண்ணிக்கைக்கு 2020 கணக்கெடுப்பில் தொகுதி மறுவரையறைக்காக வெளியிடப்பட்ட கோப்பில் பி5 அட்டவணையைப் பாருங்கள்; வயது வந்தோருக்கான சிறைகள் அதில் தனி வரியாக இருக்கும்.

குடியுரிமை உள்ள வயது வந்தோர் எண் வேண்டுமென்றால் அமெரிக்கச் சமூக ஆய்வு (கணக்கெடுப்புத் துறை மாதிரி எடுத்து நடத்தும் ஆய்வு). 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிக்கு ஓராண்டு மதிப்பீடு வராது, ஐந்தாண்டு மதிப்பீடுதான். பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் அது பெரிதாகவே இருக்கும். இதிலும் கைதிகள் சேர்ந்தே வருவார்கள், மறுபடி கழிக்க வேண்டும்.

பிரசிங்க்ட் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு வாக்குப்பதிவுப் பகுதி) அளவுக்கு இறங்குவதானால் இரண்டைச் சரிபாருங்கள். தபால் வாக்குகளும் 2021 சட்டத்தால் வந்த மூன்று நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவும் (வியாழன், வெள்ளி, சனி) அந்தந்த பிரசிங்க்ட்டில் சேர்க்கப்பட்டுள்ளனவா, கவுண்டி முழுமைக்கும் ஒரே வரியாக நிற்கின்றனவா? தனி வரி என்றால் பிரசிங்க்ட் சதவீதம் எல்லாமே குறைவாகத்தான் வரும். அடுத்து எல்லை. பெயர் அதேதான் இருக்கும், நடுவில் இரண்டு சாலைகள் பக்கத்துப் பிரசிங்க்ட்டுக்குப் போயிருக்கும். பதிந்தோர் எண்ணிக்கை இரண்டு தேர்தலுக்கிடையில் திடீரென்று எகிறினாலோ சரிந்தாலோ, வாக்காளர் மனசைத் தேடுவதற்கு முன் பழைய வரைபடத்தைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.