குடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்

"தம்பி, இதை அயிரை மீன் குழம்போட நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று, நான் பரிமாறும் உணவகத்தில், ஒரு வெள்ளை ஒயினைக் காட்டி அந்தப் பெரியவர் கேட்டபோது, "பாத்திருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன். பயிற்சியின்போது அந்த வெள்ளை ஒயினை ஒரு வாய் சுழற்றிக் கிண்ணத்தில் துப்பியதுண்டு. உடன் தந்தது உப்பில்லாத பிஸ்கட். அயிரை மீன் குழம்பை அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தது தண்ணீர்ச் சொம்புதான். இரண்டையும் தனித்தனியாக அறிந்த நாக்கை வைத்துக்கொண்டு, சேர்த்து அறிந்ததாகச் சொன்னேன்.

அதில் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை. பட்டியலிலேயே விலை குறைந்த ஒயின் அது; விலை கூடிய சிவப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கிருந்த உத்தரவு. ஆனால் சிவப்பின் துவர்ப்பு மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் வாய் வறண்டு எரியும் என்பதும், வெள்ளையில் இருக்கும் மெல்லிய இனிப்பு அந்த எரிச்சலைத் தணிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் நலனுக்காகவே சொன்னேன் என்று நினைத்துக்கொள்வதில் சிரமம் இல்லை.

"நம்ம கம்பம் திராட்சையா?" என்றும் கேட்டார். இல்லை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்துப் பன்னீர் திராட்சை கறுப்பு; இது நாசிக் பக்கத்து வெள்ளைத் திராட்சைகளான செனின் பிளாங்கில் கொஞ்சம் சாவின்யோன் பிளாங் சேர்த்த கலவை என்று விளக்கினேன். இதற்கு உண்மையைச் சொல்ல முடிந்த எனக்கு, முதல் கேள்விக்கு மட்டும் ஏன் முடியவில்லை? "இல்லை சார், ஆனால் சேரும் என்று நினைக்கிறேன்" என்றிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே அதைத்தான் வாங்கியிருப்பார். ஒருவேளை வாங்காமலும் போயிருப்பார்.

குழம்பு வருவதற்குள் முக்கால் கிளாஸ் முடிந்திருந்தது. பிறகு அவர் எதை எதோடு குடித்தார் என்று நான் கவனிக்கவில்லை. வேறு மேசைக்குப் போக வேண்டியிருந்தது, அல்லது போவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. பில் கொடுக்கையில் "நல்லாருந்துச்சு தம்பி" என்றார். குழம்பா, ஒயினா, இரண்டும் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு கடை எடுத்து வைத்தபின், மேலாளரிடம் சொல்லிவிட்டு, பாட்டிலில் மிஞ்சியதை மீந்த குழம்போடு குடித்துப் பார்த்தேன். காரத்தைப் பற்றி நான் நினைத்தது சரியாகவே இருந்தது. புளியைத்தான் கணக்கில் எடுக்கவில்லை: உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆனது, ஐஸ் கரைந்த சர்பத் மாதிரி. வஞ்சிரம் வறுவலில் எலுமிச்சை பிழிந்து, அதோடு இன்னொரு வாய் குடித்தபோது அதே ஒயின் துடிப்பாக இருந்தது. அவரை வறுவலுக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அவர் அயிரைக்காகவே வந்தவர்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். மெனுவைத் திறக்காமலே, "அன்னைக்குச் சொன்னீங்கள்ல, அதே ஒயின், அதே குழம்பு" என்றார். வறுவலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு கிளாஸை வைத்து, குளிர்ந்த பாட்டிலைத் துடைத்து, ஊற்றினேன்.