யாருமே கேக்கலையேடா

பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் அம்மா நடைமேடையிலேயே நின்றுவிட்டாள். மார்போடு அணைத்தபடி அந்த நீல பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ரிட்டர்ன் டிக்கெட், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, பெரியப்பா அனுப்பிய அழைப்புக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், போதாததற்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேறு, "கேட்டா இருக்கட்டும்" என்று ஊரிலிருந்தே எடுத்து வந்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போகிறது.

"எங்கடா காட்டணும்?"

"எங்கேயும் இல்லம்மா. அப்படியே வெளிய போக வேண்டியதுதான்."

"யாருமே கேக்க மாட்டாங்களா?"

"லண்டன்லயே முடிஞ்சிருச்சுல்ல."

விடிய விடியப் படித்துவிட்டுப் போன பிள்ளையிடம் இன்றைக்குப் பரீட்சை இல்லை என்று சொன்னால் எப்படி விழிக்குமோ அப்படி விழித்தாள். எனக்குச் சிரிப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால், முதல் தடவை இந்த ரயிலில் வந்தபோது நானும் இதே நடைமேடையில் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து பாரிசுக்கு யூரோஸ்டாரில் போனால் பிரெஞ்சு எல்லைச் சோதனை பிரான்சில் கிடையாது, லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலேயே நடக்கும். திரும்பி வரும்போது பிரிட்டன் அதிகாரிகள் பாரிசில் உட்கார்ந்திருப்பார்கள். கடலுக்கடியில் சுரங்கப்பாதை போடும்போதே 1991-இல் சாங்காத் என்ற ஊரின் பெயரால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், ரயில் நிலையங்களுக்கென்று 2000-இல் தனியாக ஒரு சேர்க்கை. கப்பலில் போகிறவர்களுக்கு டோவர், கலே துறைமுகங்களிலும் இதே கதை, அது 2003 ஒப்பந்தம். அமெரிக்காக்காரர்கள் இதற்கெல்லாம் முன்னோடி, 1952-லேயே கனடாவின் டொரன்டோவில் கடை விரித்தவர்கள். சென்னையிலிருந்து அபுதாபி வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், 2014 முதல் அங்கேயே கேள்வியெல்லாம் கேட்டு முடித்து அனுப்பிவிடுகிறார்கள், நியூயார்க்கில் உள்ளூர் விமானத்தில் வந்தவர் மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வேண்டாத ஆளை நம் வாசல்வரை வரவிட்டுத் திருப்பி அனுப்புவது தலைவலி. அதற்கு அவன் தெருவுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கிளம்பும் முன்னாலேயே "நீ வராதே" என்று சொல்லிவிடலாம். விசா அப்பாயின்ட்மென்டுக்காக இரண்டு மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணிய இந்தியப் பாஸ்போர்ட்காரன் நான், யார் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும். சரி, அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இது 2024 மே மாதம் நடந்தது. பெரியம்மா காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவள். பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அவர்கள் பாரிசுக்குப் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. அக்கா தங்கை இருவரும் முகத்தோடு முகம் பார்த்தே பதினொரு வருஷம். லண்டன் வரை வந்தவள் அவளைப் பார்க்காமல் போவதா என்று நானும் அம்மாவும் கிளம்பினோம். மனைவிக்கு லீவு இல்லை, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். இருவரும் ஸ்டேஷன் வரை வந்தார்கள்.

செயின்ட் பான்க்ராஸ் மேலே பார்க்கத்தான் அரண்மனை. சோதனை, காத்திருப்பு எல்லாம் கீழ்த்தளத்தில். 1868-இல் கட்டியபோது பர்டன் என்ற ஊரிலிருந்து ரயிலில் வரும் பீர் பீப்பாய்களை அடுக்க விட்ட இடம் அது, தூண்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதையே பீப்பாயை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பீர்க்கிடங்கில்தான் இப்போது பிரெஞ்சு போலீஸ் உட்கார்ந்து "போன்ழூர்" சொல்கிறது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த இளைஞன் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், விசாப் பக்கத்தைப் பார்த்தான், கைரேகைக் கருவியைக் காட்டினான். அங்கேதான் சிக்கல். முப்பது நாற்பது வருஷம் தேங்காய் துருவி, பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல்கள், கருவிக்குப் பிடிபடவில்லை. சிவப்பு விளக்கு. அம்மா முந்தானையில் விரலைத் துடைத்து வைத்தாள். சிவப்பு. அவன் காகிதத்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தன் விரலை மேஜையில் அழுத்திக் காட்டினான். மறுபடி சிவப்பு. நாலாவது தடவை அம்மா மாவு பிசைகிற மாதிரி மொத்தக் கையையும் போட்டு அழுத்த, பச்சை. டப்பென்று முத்திரை விழுந்தது. ஃபைலின் பட்டனை அம்மா அப்போதுதான் திறந்துகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பிரான்ஸ் வந்தாச்சு."

"இன்னும் ரயிலே ஏறலையேடா!"

அப்புறம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். "நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தா காரைக்கால்னு போர்டு வரும்ல, அந்த மாதிரி." நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு எல்லை என்றால் அதுதான். மயிலாடுதுறை போகிற பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருக்கும்போதே பாண்டிச்சேரி மாநிலத்துக்குள் நுழைந்து வெளியேயும் வந்துவிடுவோம். சாராயக்கடை போர்டுகள் வரிசையாக வந்தால் உள்ளே இருக்கிறோம் என்று அர்த்தம். போகும்போது யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் தமிழ்நாட்டு செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள். தாத்தா காலத்தில், 1954-க்கு முன்னால், அது நிஜமாகவே பிரான்ஸ். ஆக எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சு எல்லை ஒன்றும் புதிதில்லை, அதை லண்டனில் பீர்க்கிடங்குக்குள் கொண்டுவந்து வைத்திருப்பதுதான் புதிது.

எனக்கு இதிலெல்லாம் கோபம் இல்லை. இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. வரிசையில் நிற்கப் பழகிவிட்டேன், தொட்டதற்கெல்லாம் 'சாரி' சொல்லப் பழகிவிட்டேன், மழையைப் பற்றி மழையிலேயே நின்று பேசக்கூடப் பழகிவிட்டேன். செட்டில் ஆகிவிட்டோம் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. இது ரயில். ரயிலுக்கு வழியனுப்ப வந்தவர்கள் நடைமேடைக்கு வர முடியாது என்றால் அது என்ன ரயில்?

டிக்கெட் கேட்டிலேயே பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பாட்டி போவது பிரச்சினை இல்லை, ரயிலைப் பார்க்க முடியாது என்பதுதான் பிரச்சினை. எனக்கும் அதேதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சென்னையில் படித்த நாலு வருஷமும் நாகப்பட்டினத்திலிருந்து ராத்திரி ரயில். அப்பா ஒரு மணி நேரம் முன்னாலேயே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். பிளாட்பார்ம் டிக்கெட் எடுப்பார், பெட்டி எங்கே நிற்கும் என்று இரண்டு பேரிடம் விசாரிப்பார், ஏற்கெனவே நிரம்பியிருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார். பேச ஒன்றும் இருக்காது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார், வண்டி நகர்ந்தால் கூடவே நடப்பார், கொஞ்சம் வேகமாக நடப்பார், ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்ததும் கையை விடுவார். அந்தப் பலகைவரைதான் ஊர். அதற்கப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் எலுமிச்சம்பழச் சாதத்தோடு கூட ஒரு ஐம்பது ரூபாய் நோட்டும் மடித்து இருக்கும்.

இங்கே கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத கூடத்தில், சார்ஜர் குத்த இடம் தேடும் கூட்டத்துக்கு நடுவில், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நகரும் பாதை மேலே ஏற்றிவிட, நடைமேடைக்கு வந்தால் போன் அடிக்கிறது. மனைவி. "இடது பக்கம் பாருங்க." மேல்தளத்தில் ஒரு நீளக் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் பாப்பா மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபதடிதான் இருக்கும்.

"பாட்டி, நீ இப்ப பிரான்ஸ்லயா இருக்க?"

"ஆமாண்டி கண்ணு. பிரான்ஸ்ல இருந்துதான் பேசறேன்."

"நான் லண்டன்ல இருக்கேன்," என்றாள் பாப்பா, தொலைதூர போன் கால் மாதிரி குரலை உயர்த்தி. நடைமேடை ஊழியர் ஏறச் சொல்லும்வரை இருவரும் கையாட்டிக்கொண்டே இருந்தார்கள். ரயில் நகர்ந்தபோது பாப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாரிஸ் நாலு நாள். அக்காவும் தங்கையும் ஐஃபில் கோபுரத்தை ஜன்னல் வழியாகக் காரிலிருந்தே பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து செத்தவர்கள் கதையாகப் பேசித் தீர்த்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திரும்பும்போது கார் து நோரில் முதலில் பிரெஞ்சுக் கூண்டு, நாலு எட்டு வைத்தால் பிரிட்டன் கூண்டு. அம்மா ஃபைலைத் திறந்து தயாராகவே வைத்திருந்தாள். அந்த அதிகாரியம்மா என்னைப் பார்த்து, "உங்கள் அம்மா எப்போது ஊர் திரும்புகிறார்?" என்று கேட்டாள். சொன்னேன். பாஸ்போர்ட் திரும்ப வந்துவிட்டது. "என்கிட்ட கேக்கச் சொல்லேன்டா, ஜூன் பதினாலுன்னு இங்கிலீஷ்லயே சொல்லிருப்பேன்" என்று லண்டன் வரும்வரை முனகல். இனி முத்திரைக்குப் பதிலாகக் கணினிதான் என்கிறார்கள். 2025 அக்டோபர் 12-லிருந்து ஐரோப்பாவுக்குள் போகிற வெளியாட்களின் முகத்தையும் விரல்ரேகையையும் கணினியில் பதிய ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விரலை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாளோ.

ஜூன் பதினாலு ஹீத்ரோ. பிரிட்டனை விட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் குடிநுழைவுக் கூண்டே கிடையாது, விவரங்களை விமான நிறுவனமே அனுப்பிவிடும். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வளைவில் அம்மா திரும்பி, ஃபைலை ஆட்டி, "இங்கயும் கேக்க மாட்டாங்களாமே" என்றாள். அப்புறம் தெரியவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை வாட்ஸாப்பில் கூப்பிட்டாள். மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில் ஏறிவிட்டாளாம், பின்னால் ஒரே ஹாரன் சத்தம். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"டேய், இங்க கவுன்ட்டர்ல ஒரு தம்பி, தமிழ்லயே கேட்டுச்சுடா, 'யாரைம்மா பாத்துட்டு வர்றீங்க?'ன்னு. எம் மகனை, எங்க அக்காவைன்னு சொல்லி ஃபைலை எடுத்து நீட்டினேன். 'இதெல்லாம் வேணாம்மா'ன்னு சிரிச்சுது. ஆனா கேட்டுச்சுல்ல."